மலைக்கோட்டையில் தெரியாத ரேவதி காவலூரில் தெரிவது எப்படி? நட்சத்திர இரவுக்குப் போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஸ்ரீரங்கம் ரங்கநாதரின் திருநட்சத்திரம் ரேவதி. சித்திரைத் தேர் ஓடுவதும் ரேவதி நட்சத்திர நாளில்தான். திருச்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த ரேவதியை வானத்தில் நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம்.

காரணம் எளிமையானது. ரேவதி மிக மங்கலான விண்மீன். மலைக்கோட்டை உச்சியில் நின்று பார்த்தாலும், காவிரிப் பாலத்தில் நின்று பார்த்தாலும் நகரத்து வெளிச்சம் அதை மறைத்துவிடும். அதே விண்மீன், வெளிச்சம் இல்லாத ஒரு மலைக்காட்டில் வெறும் கண்ணுக்கே தெரியும்.

அப்படிப்பட்ட இருட்டைத் தேடித்தான் வானியல் ஆர்வலர் குழுக்கள் வேன் பிடித்து, தொலைநோக்கிகளை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டு வெளியே போகின்றன. தமிழ்நாட்டில் இதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் காவலூர். அங்கே என்ன இருக்கிறது, எப்போது போகலாம், என்ன தெரியும், என்ன தெரியாது, போனவர்கள் ஏன் சிலசமயம் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள்? முழு விவரம் இங்கே.

ரேவதி ஏன் நகரத்தில் தெரிவதில்லை?

விண்மீன்களின் பிரகாசத்தை வானியலாளர்கள் எண்களால் குறிக்கிறார்கள். எண் கூடக் கூட விண்மீன் மங்கலாகும். மிகப் பிரகாசமான விண்மீன்கள் 1 என்ற அளவை ஒட்டி இருக்கும். நல்ல இருட்டில், நல்ல பார்வை உள்ளவர் வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய எல்லை சுமார் 6. பெரிய நகரங்களுக்குள் இந்த எல்லை 3 அல்லது 4 வரை சுருங்கிவிடுகிறது.

ரேவதி என்று மரபாக அடையாளம் காட்டப்படும் விண்மீன், மீன ராசி மண்டலத்தில் இருக்கிறது. அதன் அளவு சுமார் 5.2. அதாவது இருட்டான ஊரில் தெரியும், நகரத்தில் தெரியாது. அந்த எல்லைக்கோட்டில் சரியாக மாட்டிக்கொண்ட விண்மீன் அது.

திருவாதிரை, ரோகிணி, சித்திரை, சுவாதி, கேட்டை போன்றவை இதற்கு நேர் எதிர். பிரகாசமானவை. திருச்சி மொட்டை மாடியில் நின்றாலே தெரியும். ஜாதகத்தில் எல்லா நட்சத்திரத்துக்கும் ஒரே மாதிரி கட்டம்தான். வானத்தில் அப்படி இல்லை.

சரி, வெளிச்சம் எப்படி விண்மீனை மறைக்கிறது? தெருவிளக்கு, கடை போர்டு, ஃபிளட் லைட், வீட்டு வாசல் விளக்கு என எல்லாவற்றிலிருந்தும் ஒரு பகுதி ஒளி மேல்நோக்கிப் போகிறது. காற்றில் உள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, திரும்பக் கீழே வருகிறது. இதனால் வானமே லேசாக ஒளிரத் தொடங்குகிறது. மங்கலான விண்மீன்கள் அந்த ஒளித்திரைக்குப் பின்னால் போய்விடுகின்றன. இதைத்தான் ஒளி மாசு என்கிறார்கள்.

இது எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. 2011 முதல் 2022 வரை உலகின் பல நாடுகளில் பொதுமக்கள் வானத்தைப் பார்த்து, தங்களுக்கு எவ்வளவு மங்கலான விண்மீன் வரை தெரிகிறது என்று பதிவு செய்தார்கள். 51,000-க்கும் அதிகமான பதிவுகள். அவற்றில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்து வந்தவை. 2023 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு சராசரியாக 9.6 சதவீதம் கூடுகிறது என்பதே அந்த முடிவு.

இதை ஆய்வாளர்கள் ஒரு உதாரணத்தோடு சொன்னார்கள். 250 விண்மீன்கள் தெரியும் ஓர் ஊரில் இன்று ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இதே வேகம் தொடர்ந்தால், அந்தக் குழந்தைக்கு 18 வயது ஆகும்போது அதே ஊரில் 100 விண்மீன்கள்தான் தெரியும்.

காவலூர் எங்கே இருக்கிறது?

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்து இருக்கிறது காவலூர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இதை நடத்துகிறது. ஆய்வகத்தின் பெயர் வைணு பாப்பு வானியல் ஆய்வகம்.

யார் இந்த வைணு பாப்பு? 1927-ல் சென்னையில் பிறந்தவர். நவீன இந்திய வானியலின் தந்தை என்று அழைக்கப்படுபவர். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகவும் இருந்தவர். 1960-களில், பெரிய தொலைநோக்கி வைக்க நல்ல இருட்டான இடம் வேண்டும் என்று தேடி, கடைசியில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்.

ஏன் காவலூர்? முதல் காரணம், நகரத்து வெளிச்சத்திலிருந்து தள்ளியிருக்கும் மலைக்காடு. இரண்டாவது காரணம், பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பது. இதனால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் இங்கிருந்து பார்க்க முடியும்.

இங்கே 1972-ல் 1 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்தது. வந்த வருடமே வேலையைக் காட்டியது. வியாழனின் துணைக்கோளான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்துக் கடந்தபோது, கானிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான தடயம் இங்கிருந்து பதிவானது. 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தது. அப்போது அந்தக் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் காட்டிய பதிவுகளில் காவலூரில் எடுக்கப்பட்டதும் ஒன்று.

இங்கே உள்ள பெரிய தொலைநோக்கி 2.34 மீட்டர் விட்டம் கொண்டது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்டது. அதைப் பார்க்க வைணு பாப்பு உயிரோடு இல்லை. 1982-ல் காலமானார். 1986 ஜனவரி 6-ம் தேதி அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்.

1988-ல் இங்கிருந்து ஒரு குறுங்கோள் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் வானியலாளர் ஆர். ராஜமோகன். அதற்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர் வைக்கப்பட்டது. 4130 ராமானுஜன் என்பது அதன் முழுப் பெயர்.

பெரிய தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கலாமா?

முடியாது. வருபவர்களில் பலர் ஏமாறுவது முதலில் இங்கேதான்.

2.34 மீட்டர் தொலைநோக்கியில் விஞ்ஞானிகளே கண்ணை வைத்துப் பார்ப்பதில்லை. அதன் முனையில் கேமராவும், ஒளியைப் பிரித்து ஆராயும் கருவிகளும் பொருத்தப்பட்டிருக்கும். எந்த இரவில் யார் எதை ஆராய வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். ஒரு இரவு போனால் போனதுதான்.

பார்வையாளர்களுக்கு சனிக்கிழமைகளில் அனுமதி தருவது இங்கே வழக்கம். பகலில் தொலைநோக்கியைச் சுற்றிப் பார்க்கலாம். இரவில் வானம் தெளிவாக இருந்தால், பொதுமக்களுக்கென வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கி வழியாகப் பார்க்கலாம். நேரமும் விதிமுறைகளும் மாறக்கூடும். அதனால் கிளம்பும் முன் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுவது நல்லது. குழுவாகப் போவதாக இருந்தால், முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்காமல் வேன் புக் பண்ண வேண்டாம்.

திருச்சியிலிருந்து காவலூர் சாலை வழியாக 200 கிலோமீட்டருக்கும் அதிக தூரம். ரயிலில் போவதென்றால் ஜோலார்பேட்டை அல்லது வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் வழியாக மலைக்குப் போக வேண்டும். போய், பார்த்து, அதே இரவில் திரும்புவது சிரமம். தங்கும் ஏற்பாட்டோடு போவதே நல்லது.

சின்ன தொலைநோக்கியில் என்ன பெருசா தெரிஞ்சிடப் போகுது?

நியாயமான கேள்வி. இதற்கு ஒரு சின்ன கணக்கு போடலாம்.

இருட்டில் நம் கண்ணின் பாவை அதிகபட்சம் சுமார் 7 மில்லிமீட்டர் அகலம் விரியும். வானியல் குழுக்கள் வழக்கமாகக் கொண்டுவரும் 6 அங்குலத் தொலைநோக்கியின் விட்டம் சுமார் 150 மில்லிமீட்டர். ஒளியைச் சேகரிக்கும் திறன், விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால், அந்தத் தொலைநோக்கி நம் கண்ணைவிட சுமார் 450 மடங்கு அதிக ஒளியைச் சேகரிக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு இதே கணக்கு 1 லட்சம் மடங்கைத் தாண்டும்.

ஆக, தொலைநோக்கியின் முதல் வேலை ஒளியைச் சேர்ப்பது. பெரிதாக்கிக் காட்டுவது அடுத்ததுதான். வானத்தில் ஏற்கெனவே வெளிச்சம் இருந்தால் அந்த வெளிச்சத்தையும் அது சேர்த்தே காட்டும். அதனால்தான் நகரத்தில் இருக்கும் விலை உயர்ந்த தொலைநோக்கியைவிட, காட்டில் இருக்கும் சாதாரண தொலைநோக்கியில் மங்கலான பொருட்கள் நன்றாகத் தெரிகின்றன.

எந்த மாதம், எந்த நாள் போகலாம்?

முதலில் நிலாவைப் பாருங்கள். பௌர்ணமி இரவில் வானம் முழுக்க நிலவொளி பரவியிருக்கும். ரேவதி மட்டுமல்ல, பால்வெளி மண்டலமும் காணாமல் போகும். அமாவாசையை ஒட்டிய சில நாட்கள்தான் இருட்டு வானத்துக்கு ஏற்றவை.

நிலாவையே பார்க்க வேண்டும் என்றாலும் பௌர்ணமி சரிப்படாது. அன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிலாவின் பள்ளங்களில் நிழல் இருக்காது. தட்டையாகத் தெரியும். வளர்பிறை சப்தமி, அஷ்டமி வாக்கில் பார்த்தால் பள்ளங்களும் மலைகளும் நிழலோடு துல்லியமாகத் தெரியும்.

அடுத்து மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகத்தைக் கொண்டுவரும். தமிழ்நாட்டில் வானம் பார்க்க ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு வானம்:

- தை, மாசி முன்னிரவு: திருவாதிரை இருக்கும் ஓரியன் மண்டலம், கார்த்திகைக் கூட்டம், தெற்கே அகத்தியர் நட்சத்திரம் என்று சொல்லப்படும் கனோபஸ். தை மாதத்தில் இரவு ஏழரை மணி வாக்கில் ரேவதி உச்சிக்குச் சற்று மேற்கே இருக்கும்.
- சித்திரை, வைகாசி முன்னிரவு: தென் வானத்தில் தாழ்வாகத் தென்சிலுவை. அதற்குக் கொஞ்சம் மேலே, கிழக்குப் பக்கம், சுமார் 1 கோடி விண்மீன்கள் திரண்டு கிடக்கும் ஒமேகா சென்டாரி.
- மார்ச், ஏப்ரல் விடியற்காலை: தென்கிழக்கில் எழும் பால்வெளியின் மையப்பகுதி. தூக்கத்தைத் தியாகம் செய்பவர்களுக்கு மட்டும்.

தென்சிலுவை விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. லண்டனில் இருப்பவர் தன் ஊரிலிருந்து அதைப் பார்க்கவே முடியாது. அதே சமயம் துருவ நட்சத்திரம் நமக்கு மிகத் தாழ்வாகத் தெரியும். ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, ஏறக்குறைய அதே கோணத்தில்தான் துருவ நட்சத்திரம் நிற்கும். திருச்சியில் சுமார் 11 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் வரும் அகலம் சுமார் 10 டிகிரி. வடக்கே அடிவானத்தில் ஒரு முஷ்டி வைத்தால், அதற்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம்.

இரவைக் கெடுப்பது எது தெரியுமா?

மேகம் என்று நினைத்தால் பாதிதான் சரி. மேகமில்லாத இரவையும் கெடுக்கக்கூடிய ஒரு பொருள் எல்லோர் கையிலும் இருக்கிறது. இப்போது இந்தக் கட்டுரையை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அதே போன்.

நம் விழித்திரையில் இரண்டு வகை செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் வெளிச்சத்தில் வேலை செய்யும், நிறம் காட்டும். கோல் செல்கள் இருட்டில் வேலை செய்யும், நிறம் காட்டாது. கோல் செல்களுக்குள் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். இருட்டில் மெல்ல மெல்லத் திரும்பச் சேரும். போதுமான அளவு சேர 20 முதல் 30 நிமிடம் ஆகும்.

வேனிலிருந்து இறங்கியதும் "என்னப்பா இது, ஊர்ல தெரியுற மாதிரிதானே தெரியுது" என்று தோன்றுவது இதனால்தான். கண் இன்னும் இருட்டுக்குத் தயாராகவில்லை. பத்து நிமிடத்தில் கொஞ்சம் கூடும். அரை மணி நேரத்தில் வானமே வேறாகிவிடும்.

இந்த நேரத்தில் ஒருவர் வாட்ஸ்அப் மெசேஜ் பார்க்க போனை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணில் சேர்ந்ததில் பெரும்பகுதி சில விநாடிகளில் போய்விடும். அந்த வெளிச்சம் பக்கத்தில் நிற்பவர்களின் கண்ணிலும் படும். ஃபிளாஷ் அடித்து செல்ஃபி எடுத்தால் கூட்டம் முழுவதும் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். ஒரு காரின் ஹெட்லைட்டும் இதே வேலையைச் செய்யும்.

அதனால் இதுபோன்ற இரவுகளில் சிவப்பு விளக்கு மட்டும்தான் அனுமதி. கோல் செல்கள் அடர் சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணர்வதே இல்லை. டார்ச்சின் கண்ணாடியில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டி ரப்பர் பேண்ட் போட்டால் போதும். அந்த சிவப்பு விளக்கையும் தரையை நோக்கித்தான் பிடிக்க வேண்டும். வான வரைபட ஆப் பயன்படுத்துவதாக இருந்தால், அதில் இரவுக்கான சிவப்புத் திரை வசதியை முன்கூட்டியே ஆன் செய்துகொள்ளுங்கள்.

போட்டோவில் பார்த்த மாதிரி கலர் கலராகத் தெரியுமா?

தெரியாது. இரண்டாவது ஏமாற்றம் இது.

இன்ஸ்டாகிராமில் வரும் நெபுலா படங்களில் கேமரா பல நிமிடங்கள், சிலசமயம் பல மணி நேரம் ஒளியைச் சேர்த்திருக்கும். கண்ணால் அப்படிச் சேர்த்து வைக்க முடியாது. மங்கலான ஒளியில் வேலை செய்யும் கோல் செல்களுக்கு நிறமும் தெரியாது. அதனால் ஓரியன் நெபுலா தொலைநோக்கியில் சாம்பல் நிறப் புகை போலத்தான் தெரியும். சிலருக்கு லேசான பச்சை தெரியலாம். அவ்வளவுதான்.

அப்போ பார்க்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது.

வியாழன் அருகே ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் தெரியும். 1610-ல் கலிலியோ பார்த்த அதே நான்கு துணைக்கோள்கள். 1972-ல் காவலூர் ஆராய்ந்த கானிமீடும் அதில் ஒன்று. மறுநாள் பார்த்தால் அவை இடம் மாறியிருக்கும்.

சனியின் வளையம் முதல்முறை பார்ப்பவர்களைக் கட்டாயம் நிறுத்திவிடும். ஒரு விஷயம் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 15 ஆண்டுக்கு ஒருமுறை அந்த வளையம் பூமியிலிருந்து பார்க்கும்போது விளிம்பு மட்டும் தெரியும்படி திரும்பும். 2025 மார்ச்சில் அப்படித் திரும்பியது. அதன் பிறகு சில ஆண்டுகளுக்கு வளையம் மெலிந்து தெரிந்து, படிப்படியாக அகலும்.

ஓரியன் நெபுலாவிலிருந்து வரும் ஒளி நம்மை அடைய சுமார் 1,300 ஆண்டுகள் ஆகின்றன. மலைக்கோட்டையில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவரை வெட்டி ஏறக்குறைய நூறு ஆண்டு ஆன காலத்தில் கிளம்பிய ஒளி அது. ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் ஒளிக்கு வயது சுமார் 25 லட்சம் ஆண்டுகள். மனித இனமே இன்றைய வடிவில் இல்லாத காலத்து ஒளி. அந்தச் சாம்பல் புகையை எந்தத் திரையும் இல்லாமல், நேராகக் கண்ணில் வாங்குகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மங்கலான பொருளைப் பார்க்க ஒரு வழி உண்டு. அதை நேராக முறைத்துப் பார்க்காதீர்கள். சற்றுப் பக்கத்தில் பாருங்கள். விழித்திரையின் நடுவில் கோல் செல்கள் இல்லை, ஓரங்களில்தான் அதிகம். கொஞ்சம் விலகிப் பார்த்தால் அந்தப் புகை சட்டென்று தெளிவாகும். ரேவதியைத் தேடும்போதும் இதே வழிதான்.

வரிசையில் நிற்கும்போது என்ன செய்யணும்?

முதல்முறை போகிறவர்களுக்கு யாரும் சொல்லாமலே எதிர்பார்க்கும் சில விஷயங்கள் இவை:

- தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு பார்க்காதீர்கள். லேசாக இடித்தாலே குறி தவறிவிடும். கையைப் பின்னால் கட்டிக்கொள்வது நல்ல பழக்கம்.
- ஒன்றும் தெரியவில்லை என்றால் "தெரியுது" என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். தொலைநோக்கி வைத்திருப்பவரிடம் சொல்லுங்கள். பூமி சுழல்வதால் பொருள் பார்வையிலிருந்து நகர்ந்து போயிருக்கும். அவர் சரிசெய்து தருவார்.
- கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டையும் ஃபோகஸ் திருகி சரிசெய்யலாம். பார்வையில் சிதறல் குறை உள்ளவர்கள் கண்ணாடியோடு பார்ப்பதே நல்லது.
- குழந்தைகளை முதலில் விடுங்கள். அவர்களுக்கு நிற்க ஒரு ஸ்டூல் தேவைப்படும்.
- விண்மீனைச் சுட்டிக்காட்டும் பச்சை லேசரை வழிகாட்டுபவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒருவர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.
- சாயங்காலம் சீக்கிரம் போய்விட்டால், தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணத்தின்போது திருச்சியில் சிறப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தது பலருக்கு நினைவிருக்கும். தொலைநோக்கி ஒளியைப் பல மடங்கு குவிப்பதால் ஒரு நொடியில் கண் பறிபோகலாம்.

நிலாவை போட்டோ எடுக்க ஆசையா? எடுக்கலாம். போன் கேமராவைத் தொலைநோக்கியின் கண்பகுதியில் வைத்தாலே நல்ல படம் வரும். ஆனால் அதைக் கடைசியில், எல்லோரும் பார்த்து முடித்த பிறகு, திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மலையில் ஏப்ரல் இரவுகூடக் குளிரும். ஸ்வெட்டர், குல்லா, உட்கார ஒரு பாய், குடிக்கத் தண்ணீர் அவசியம். காட்டுப் பகுதி என்பதால் செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள். பாயில் மல்லாந்து படுத்து, தொலைநோக்கியே இல்லாமல் வானத்தைப் பார்ப்பதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த இரவின் சிறந்த பகுதி அதுவாகவே இருக்கலாம்.

காவலூர் இருட்டு இன்னும் எத்தனை நாள்?

வைணு பாப்பு இடம் தேடிய 1960-களின் இருட்டு இப்போது காவலூரில் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் என்று சுற்றிலும் ஊர்கள் வளர்ந்திருக்கின்றன. மலையடிவாரத்து விளக்குகளின் ஒளி அடிவானத்தில் தேங்குகிறது. தொலைநோக்கியைப் பெரிதாக்கினால் இந்தப் பிரச்னை தீராது. வானம் வெளுத்துப்போனால் பெரிய தொலைநோக்கிக்கும் வெளுத்த வானம்தான்.

இந்திய வானியல் நல்ல இருட்டையும் வறண்ட காற்றையும் தேடி லடாக்கின் ஹான்லே வரை போய்விட்டது. சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் அங்கே 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி 2022-ல் இருண்ட வானப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கிராமத்து வீடுகளில் ஜன்னல் திரையும் மூடிய விளக்குகளும் வந்தன. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்து, வரும் பயணிகளுக்கு வானம் காட்டும் வேலையை ஒப்படைத்தார்கள். இருட்டு அங்கே ஒரு வருமானம்.

தமிழ்நாட்டிலும் ஒரு தொடக்கம் உண்டு. திருச்சிக்குப் பக்கத்தில், நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள அரியூர் சோலைப் பகுதியில் இருண்ட வானப் பூங்கா அமைக்கப்படும் என்று 2024-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இதற்கு 1 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வானம் பார்ப்பதோடு, இரவில் இயங்கும் காட்டு உயிர்களை வெளிச்சத்திலிருந்து காப்பதும் இதன் நோக்கம். திருச்சிக்காரர்களுக்கு காவலூரைவிட இது மிகக் கிட்டம்.

இதற்கு நம்ம தெருவில் என்ன செய்யலாம்?

ஒளி மாசுக்கு மற்ற மாசுகளுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. ஆற்றில் கலந்த கழிவை எடுக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். வெளிச்சம் அப்படி இல்லை. சுவிட்சை அணைத்த நொடியே மாசும் போய்விடும்.

விளக்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இரவில் வேலை முடிந்து வரும் பெண்ணுக்கும், பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கும் தெருவிளக்கு பாதுகாப்பு. ஆனால் அந்த ஒளி ரோட்டில் விழ வேண்டும், வானத்தில் அல்ல. மேல்பக்கம் மூடிய விளக்கு, தேவையான அளவு வெளிச்சம், தேவையான நேரம் மட்டும் என்பதுதான் வானியலாளர்கள் கேட்பது. நீலம் கலந்த பளீர் வெள்ளை எல்இடி ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும். இளமஞ்சள் எல்இடி அந்த அளவுக்குச் சிதறாது. வாசல் விளக்கு மாற்றும்போது இதைக் கவனித்து வாங்கலாம். கரண்ட் பில்லும் குறையும்.

காவலூர் போக நேரமில்லை என்றால், திருச்சி விமான நிலையம் பக்கம் புதுக்கோட்டை சாலையில் உள்ள அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்கு ஒருமுறை குழந்தைகளை அழைத்துப் போகலாம். எந்த விண்மீன் எங்கே இருக்கும் என்று அங்கே கற்றுக்கொண்டால், நிஜ வானத்தில் தேடுவது சுலபம்.

அடுத்த தை அமாவாசை வாக்கில் ஊர்ப்பக்கம் போகிற வேலை இருந்தால், இரவு ஏழரை மணிக்கு போனை உள்ளே வைத்துவிட்டு வயல் பக்கம் போய் நில்லுங்கள். அரை மணி நேரம் பொறுத்தால் போதும். மீன மண்டலத்தில் ரேவதி தெரிந்தால், அந்த ஊரில் இன்னும் இருட்டு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம்.